ஆடு மேய்ந்த நாலு தொட்டி, தானா வளர்ந்த ரெண்டு தொட்டி

பயறுக்காரன்:
பிஎச்.டி நாலாவது வருஷம். பாசிப்பயறுக்குக் கடற்பாசிச் சாறு தெளிச்சுப் பார்க்க 40 தொட்டி வச்சேன். 20-க்குச் சாறு, 20-க்கு வெறும் தண்ணி. பூ எடுக்கிற சமயம் நெட் ஹவுஸ் கதவைச் சாத்தாம (நான்தான், வேற யாரு) டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா, சாறு தெளிச்ச பக்கம் நாலு தொட்டியை ஆடு மொட்டையடிச்சிருக்கு.

மிச்சம் 36-ஐ வச்சுக் காய் எடைக்குக் கணக்குப் போட்டேன். பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பார்க்கிற எண், 0.05-க்குக் கீழ வந்தாத்தான் ஏத்துக்குவாங்க) 0.08. தண்ணிப் பக்கம் 17-ம் 23-ம் தளதளன்னு காய்ச்சிருக்கு. கைடு பார்த்துட்டு, "அவுட்லையர் (மத்ததோட ஒட்டாத எண்), ரெண்டையும் தூக்கிடு"ன்னார். தூக்கினா 0.04. "மொத்தமே 34 தொட்டின்னு எழுதிடு, ஆடு மாடெல்லாம் எதுக்கு, யாரும் கேட்கப் போறதில்ல." ஆடு வந்ததை எழுதினா, கட்டுரையைச் சரிபார்க்கிற ரிவ்யூவர் சிரிப்பாரா? அந்த ரெண்டை எடுக்கலாமா?

மைக்ரோபிப்பெட்:
சிரிக்கட்டும் தம்பி, எழுதுங்க. "40 தொட்டிகளில் நான்கு, கால்நடை மேய்ந்ததால் நீக்கப்பட்டன." ஒத்த வரி. மருந்துச் சோதனைக் கட்டுரைகள்ல முதல் படமே இந்தக் கணக்குதான்: எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் நடுவுல விட்டாங்க, ஏன்னு கட்டம் கட்டிப் போடுவாங்க.

17-ம் 23-ம் வேற கதை. ஆடு தின்னதுக்குக் காரணம் இருக்கு. இதுங்க ரெண்டும் பண்ணின ஒரே தப்பு, நல்லா காய்ச்சது. விளைச்சலைப் பார்த்தப்புறம் எடுக்கிறது நீக்கல் இல்ல, பொறுக்கல். 36-லயும் கணக்குப் போடுங்க, 34-லயும் போடுங்க, ரெண்டையும் கட்டுரையில வையுங்க.

இன்னொண்ணு உறுத்துது. "சாறு தெளிச்ச பக்கம்"ங்கிறீங்க. தொட்டிகளைக் கலந்து வைக்கலையா? தனித்தனியா வச்சா, வித்தியாசம் சாறாலயா, இடத்தாலயான்னு தெரியாதே.

கடைசிபெஞ்சு:
அண்ணே, சும்மா உபதேசம் வேண்டாம். ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுறது அவர்தான், நீங்களோ நானோ இல்ல. எங்க டிபார்ட்மென்ட்ல இப்படி எதிர்த்துப் பேசின ஒருத்தன் ஒன்றரை வருஷம் கூடுதலா உட்கார்ந்தான்.

எண்ணாயிரம்:
கடைசிபெஞ்சு சொல்ற பயம் நிஜம், அதை மறுக்கல. ஆனா "யாரும் கேட்கப் போறதில்ல"ங்கிறது மட்டும் நிஜமில்ல. 2020 மே 22, லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல, கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளி. அதை நம்பி உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையில அந்த மருந்தை நிறுத்தி வச்சுது. ஆஸ்திரேலியாவுல உட்கார்ந்து எண்ணினவங்க, நாட்டுல ஏப்ரல் 21 வரைக்கும் கொரோனாவுல செத்ததே 67 பேர், உங்க கட்டுரையில மட்டும் 73 பேரான்னு கேட்டாங்க. மூலத் தரவைக் கேட்டப்ப, அந்தத் தரவைக் கொடுத்த சர்ஜிஸ்பியர் கம்பெனி தரலை. கட்டுரை எழுதினவங்கள்ல மூணு பேர் கையை விரிச்சுட்டாங்க. ஜூன் 4-ல வாபஸ். ரெண்டு வாரம்கூட ஓடல.

உங்க பயறுக்கு அவ்வளவு பேர் வர மாட்டாங்க. ஆனா தொட்டி எண் 40 வரைக்கும் ஓடுற எக்செல்ல 17-ம் 23-ம் மட்டும் காணோம்னா, அதுக்கு ஒருத்தர் போதும். மூல எக்செல்லை அப்படியே இணைப்பா போடுங்க, நீக்கின வரிக்குப் பக்கத்துல காரணத்தை எழுதுங்க. கைடுகிட்ட "சார் இது தப்பு"ன்னு போய் நிக்காதீங்க. "ரிவ்யூவர் மூலத் தரவு கேட்டா என்ன சார் அனுப்புறது?"ன்னு கேளுங்க.

பயறுக்காரன்:
@மைக்ரோபிப்பெட் அண்ணா, கலக்கல. தெளிக்கும்போது சாரல் தண்ணித் தொட்டி மேல பட்டுடும்னு தனித்தனியா வச்சேன். இப்ப நோட்டை எடுத்துப் பார்க்கிறேன், தண்ணிப் பக்கத்துக்குத்தான் காலை வெயில் முதல்ல. வயித்தைக் கலக்குது.

எண்ணாயிரம் சொன்ன கேள்வியை இன்னைக்குக் கேட்டேன். சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சார். ஆட்டு வரிக்கு ஒத்துக்கிட்டார். 17, 23-க்கு "பார்க்கலாம்"னார். வெயிலைப் பத்தி இன்னும் நான் வாயைத் திறக்கல.

மைக்ரோபிப்பெட்:
வர்ற விதைப்புப் பட்டத்துலயே மறுபடி வையுங்க. குலுக்கிப் போட்டு வையுங்க. கதவுக்குக் கொக்கி மாட்டுங்க.