மறு: ‘ஸ்டாண்டிங் டைம்’ – பின்வேக்காடு என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நுண்ணலை அடுப்புச் (மைக்ரோவேவ்) சமையலுக்கான நம் சொற்பட்டியலில் ‘ஸ்டாண்டிங் டைம்’, அதாவது அடுப்பு நின்ற பிறகு உணவைச் சற்று அப்படியே விட்டுவைக்கும் நேரம், அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் ஒரு வாரமாக முடிவாகாமல் கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: நிலைநேரம், காத்திருப்பு நேரம், ஆறும் நேரம், உள்வேக்காடு. எல்லா மடல்களையும் படித்தேன். எந்தக் குறிப்பை வைத்து இந்தப் பேச்சு தொடங்கியதோ, அந்த உருளைக்கிழங்கு மசியலை நேற்று இரண்டு முறை செய்தும் பார்த்தேன். என் பரிந்துரை ‘பின்வேக்காடு’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நடுத்தர அளவில் 4 கிழங்குகள், ஏறத்தாழ 700 கிராம். தோல் சீவி, 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் 3 மேசைக்கரண்டி தண்ணீரோடு போட்டு, ஆவி போக ஒரு ஓரம் விட்டு மூடினேன். 800 வாட்டில் 9 நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறல். அடுப்பு நின்றதும் பெரிய துண்டு ஒன்றை முள்கரண்டியால் பிளந்தேன். வெளிப்பக்கம் மாவாக உதிர்ந்தது. நடுவில் மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, முள் பட்டதும் நறுக்கென்றது. அடுப்பைத் திரும்பவும் போடாமல், கிண்ணத்தை நன்றாக மூடி 5 நிமிடம் விட்டேன். மூடியைத் திறந்தபோது அதன் அடிப்பக்கம் முழுக்க நீர்முத்துகள். அதே அளவுத் துண்டு இன்னொன்றைப் பிளந்தால், நடுவிலும் ஓரத்திலும் ஒரே பதம். கரண்டியின் முதுகால் அழுத்தியதுமே மசிந்தது.

இரண்டாவது முறை, அந்தக் கட்டியைப் பார்த்ததும் பொறுமையில்லாமல் செய்வதுபோல், இன்னும் 3 நிமிடம் ஓடவிட்டேன். கட்டி போய்விட்டது, ஆனால் துண்டுகளின் முனைகள் காய்ந்து தோல் கட்டிவிட்டன. மசித்த பிறகும் அந்தத் தோல் துணுக்குகள் நாக்கில் நிரடின. பாலும் வெண்ணெயும் எவ்வளவு சேர்த்தாலும் அவை இளகவில்லை.

இந்த இரண்டு கிண்ணங்களுக்கும் இடையே இருக்கும் வேறுபாட்டைத்தான் நாம் தேடும் சொல் சொல்ல வேண்டும்.

வீட்டு நுண்ணலை அடுப்பின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 12 செ.மீ. சொச்சம். கிழங்குக்குள் புகுந்ததும் இந்த அலை ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி வலுவிழந்துவிடும். கிழங்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். அந்த நீர்தான் அலையின் ஆற்றலை வாங்கிச் சூடாகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு போய்ச் சேருவது வழக்கமான வெப்பக் கடத்தலால்தான், கொஞ்சம் கொஞ்சமாக. அடுப்பு நின்ற பிறகும் வெளிப்பக்கச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிழங்கின் மாவுப்பொருள் 60 பாகை செல்சியசைத் தாண்டியதும் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கிவிடும். ஆனால் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு 80-க்கு மேல் போக வேண்டும். நான் பார்த்த கட்டி, அந்தச் சூடு இன்னும் போய்ச் சேராத இடம். அந்த 5 நிமிடத்தில் நடந்தது ஓய்வு அல்ல, ஆறுதலும் அல்ல, வேகுதல்.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘நிலைநேரம்’ சுருக்கமாக இருக்கிறது, மூலச்சொல்லுக்கும் நெருக்கம்.

நெருக்கம்தான், அதுவே சிக்கல். இதே அடுப்புக்குள் வேறொரு ‘நிலை’ ஏற்கெனவே இருக்கிறது. உலோகச் சுவர்களில் அலை மோதித் திரும்புவதால் உள்ளே நிலை அலைகள் உருவாகின்றன. பள்ளி இயற்பியல் பாடத்திலேயே வரும் சொல் இது. அவற்றின் கணுக்களில், அதாவது அலை வலுவில்லாமல் இருக்கும் இடங்களில், உணவு சரியாகச் சூடேறாது. தட்டு சுழல்வதும், நாம் நடுவில் கிளறுவதும் அதனால்தான். நம் பட்டியலின் முதல் பக்கத்தில் ‘நிலை அலை’யை வைத்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘நிலைநேரம்’ என்று போட்டால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஒரு தொடர்பும் இல்லை. வேறு துறைகளில் இரண்டும் எங்கோ தள்ளித் தள்ளி வந்தால் பரவாயில்லை. ஒரே பெட்டிக்குள் வரும்போது விலக்கிவிடுவதே நல்லது.

> ‘காத்திருப்பு நேரம்’ எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் என்ன புரியும்? எதுவும் நடக்காத நேரம் என்று புரியும். அவசரத்தில் இருப்பவர் முதலில் வெட்டுவது காத்திருப்பைத்தான். சமையல் குறிப்பில் வரும் சொல் கைக்குக் கட்டளை; அது எதைச் சொல்கிறதோ அதைத்தான் கை செய்யும். ‘5 நிமிடம் காத்திருக்கவும்’ என்று படித்தவர் அதைத் தாண்டிப் போனால், கட்டியைப் பார்த்து இன்னும் 3 நிமிடம் ஓடவிடுவார், என் இரண்டாவது கிண்ணம் மாதிரி. ‘ஆறும் நேரம்’ இதைவிட மோசம். ஆறட்டும் என்றால் யாரும் மூடியைத் திறந்துதான் வைப்பார்கள், ஆவி போய்விடும், மேற்பரப்பு காயும். செய்ய வேண்டியதற்கு நேர் எதிரான செயலைச் சொல்கிற சொல் அது.

‘உள்வேக்காடு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூடு உள்நோக்கிப் போகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: நுண்ணலை அடுப்பு உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. ‘உள்வேக்காடு’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் தவறான நம்பிக்கை உறுதிப்பட்டுவிடும். கலைச்சொல் அறியாமையைக் கூட்டக் கூடாது.

இப்போது ‘பின்வேக்காடு’. வேக்காடு நமக்குப் புதிய சொல் இல்லை. சாக்காடு, நோக்காடு போல, வே என்ற வினையோடு ‘காடு’ சேர்ந்து பெயரானது. அடுக்களையில் அன்றாடம் புழங்குவது: முக்கால் வேக்காட்டில் இறக்கு, முழு வேக்காடு ஆகட்டும் என்கிறோம். அதாவது, வேகும் அளவைப் படிகளாகச் சொல்ல நம்மிடம் முறையான வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுப்பு நின்ற பிறகு, உள்ளே தங்கிய சூட்டிலேயே வேகுதல். ‘பின்’ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. முக்கால் வேக்காட்டில் அடுப்பு நின்றது, பின்வேக்காட்டில் முழு வேக்காடு ஆனது என்று ஒருவர் சொன்னால், விளக்கம் கேட்காமலேயே இன்னொருவருக்குப் புரியும். புதுச்சொல்லுக்கு நான் வைக்கும் தேர்வு அதுதான்.

> அரைவேக்காடு என்று திட்டுகிறோமே, அந்த வாடை இதிலும் வராதா?

நல்ல கேள்வி. ஆனால் அந்த வசவின் காரம் முழுக்க ‘அரை’யில் இருக்கிறது. முழு வேக்காடு என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை. நேற்று வீட்டில் நான்கு பேரிடம் ‘பின்வேக்காடு’ என்றால் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். மூன்று பேர் ‘அப்புறமா வேகுறது’ என்று உடனே சொன்னார்கள். ஒருவர் ‘திரும்ப வேகவைக்கிறது’ என்றார். அந்த நான்காவது விடையை நான் ஒதுக்கவில்லை. அதற்காகத்தான் பட்டியலில் பொருள்விளக்கம் வேண்டும் என்கிறேன்: ‘அடுப்பு நின்ற பின், உணவில் தங்கிய வெப்பத்தாலேயே தொடரும் வேக்காடு.’

இன்னொரு வசதி. மூலச்சொல் நேரத்தை மட்டும் சொல்கிறது. அந்த நேரத்தில் நடப்பதற்கு வேறொரு சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. நமக்கு நடப்பு பின்வேக்காடு, அதற்கான நேரம் பின்வேக்காட்டு நேரம். ஒரே வேர், இரண்டு தேவை. வினையாக வேண்டும்போது ‘பின்வேக்காட்டில் விடவும்’ என்று எழுதலாம். ‘பின்வேகவும்’ என்றெல்லாம் இழுக்க வேண்டாம், காதுக்கு ஒட்டவில்லை.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர், பால் போன்றவற்றைச் சூடாக்கிய பிறகும் ஒரு நிமிடம் விடச் சொல்கிறோம். அங்கே எதுவும் வேகவில்லை. ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவுமாக இருக்கும் சூடு சமமாகப் பரவுகிறது, அவ்வளவுதான். அதைப் பின்வேக்காடு என்று எழுதக் கூடாது. ‘ஒரு நிமிடம் விட்டுக் கலக்கவும்’ என்றாலே போதும், தனிச்சொல் தேவையில்லை.

கடைசியாக, பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் மசித்தல், கடைதல் பற்றி. இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள், பிரித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெந்த உருளைக்கிழங்கைக் கடைந்தால் செல்கள் உடைந்து மாவுப்பொருள் வெளியே வந்து பசைபோல ஆகிவிடும். மிக்சியில் போட்டவர்களுக்குத் தெரியும். கிழங்குக்கு மசித்தல் மட்டுமே, அதுவும் சூடாக இருக்கும்போதே.

எல்லாரும் ஒப்புக்கொண்டால், குறிப்பின் 4-ஆம், 5-ஆம் படிகளை இப்படி மாற்றிவிடுகிறேன்:

‘4. அடுப்பு நின்றதும் கிண்ணத்தைத் திறக்காமல், மூடியை நன்றாக மூடி 5 நிமிடம் பின்வேக்காட்டில் விடவும். முழுக் கிழங்காக வைத்திருந்தால் (தோலில் முள்கரண்டியால் குத்திய பிறகே வைக்கவும்) கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

5. துண்டின் நடுவில் முள் தடையின்றி இறங்கினால் நீரை வடித்து, சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்து மேஷரால் மசிக்கவும். நடுவில் கட்டி தெரிந்தால் மூடி இன்னும் 2 நிமிடம் விட்டுப் பார்க்கவும். அதற்குப் பிறகும் இருந்தால் மட்டும் 1 நிமிடம் அடுப்பை ஓடவிடவும்.’

‘பின்வேக்காட்டு நேரம்’ என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. பிரித்தால் கண்ணுக்கு எளிது என்று தோன்றுகிறது. இலக்கணம் பார்ப்பவர்கள் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்