வீடு மாற வண்டி எப்போது சொல்வது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து:

வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்த கையோடு வண்டிக்காரரிடமும் பேசிவிடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் காலி செய்யும் தேதி ஒன்றிரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடுகிறது. அப்படியும் அட்வான்ஸ், புது வீட்டு அக்ரிமென்ட், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வாரத்தில்தான் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்குப் போன் போகிறது. அந்தக் கடைசி வாரம் ஊருக்கே கடைசி வாரம்.

நாங்கள் போரூருக்கு மாறியது ஜூலையில். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். ஆனி கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி கேட்டேன். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு 16,000 ரூபாய் சொன்னார்கள். அதே சாமான், அதே தூரம், ஆடியில் ஒரு புதன்கிழமை என்றால் 11,500 போதுமாம்.

மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர்தான் வழி காட்டினார். "பாலை ஆனியிலேயே காய்ச்சிடலாம்மா. அன்னைக்கே குடிபோனதா ஆயிடுது. பீரோவும் கட்டிலும் அப்புறம் வந்தா என்ன?" என்றார். "சரிங்க அத்தை" என்று அப்படியே செய்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் 10.30க்குத்தான் என்பதால் விடிகாலையிலேயே கிளம்பி, சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் எல்லாவற்றையும் ஆட்டோவில் கொண்டுபோய்ப் பால் காய்ச்சி, அன்று இரவு அங்கேயே படுத்தோம். பெரிய சாமான்கள் ஆடியில் நிதானமாக வந்தன. ஆட்கள் அவசரப்படவில்லை, ஒரு கண்ணாடித் தம்ளர்கூட உடையவில்லை. புது வீட்டுச் சாவியைக் கொஞ்சம் முன்னதாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆடியில் வேறு யாரும் குடிவரப் போவதில்லை என்பதால் அந்த வீட்டுக்காரர் தயங்காமல் கொடுத்தார்.

நல்ல நாளையும் வண்டி வருகிற நாளையும் ஒரே நாளாக்கப் பார்ப்பதில்தான் பணமும் நிம்மதியும் போகின்றன என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

அம்பத்தூரிலிருந்து, லோடு சூப்பர்வைசர்:

சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வண்டி பக்கத்திலிருந்து பார்ப்பதை நானும் சொல்கிறேன்.

மாதத்தின் கடைசி மூன்று நாள், முதல் மூன்று நாள், முகூர்த்த ஞாயிறு, மே கடைசி, ஆவணி பிறந்து வருகிற முதல் நல்ல நாள். இந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரே டீம் காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு பார்க்கும். காலை லோடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் மாலை வீட்டுக்குப் போகும்போதே இருட்டிவிடும். கை ஓய்ந்துபோன ஆள் தூக்கும்போதுதான் வாஷிங் மெஷின் மூலை இடிபடும், டிவி ஸ்டாண்டு கீறல் விழும். அதனால் எந்த நிறுவனத்தில் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்றைக்கு எங்கள் வீடு முதல் லோடா, இரண்டாவதா? முதல் லோடு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நூறு இருநூறு குறைக்கப் பேரம் பேசுவதைவிட இது முக்கியம்.

எட்டாம் தேதிக்கு மேல் இருபதுக்குள், வார நாள் என்றால் நல்ல டீம் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை யாரும் சாமான் ஏற்ற விரும்ப மாட்டார்கள். உங்களுக்கு அதில் மனத்தடை இல்லையென்றால் அன்றைக்கு எங்கள் முழுக் கவனமும் உங்களுக்குத்தான்.

தேதியோடு தெருவையும் சொல்லுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளில் 17 அடி வண்டி நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்தி, குட்டி யானை என்கிற சின்ன வண்டியில் இரண்டு மூன்று நடை அடிக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் பெரிய வண்டிகளை உள்ளே விடாத சாலைகளும் இருக்கின்றன. நேரில் வந்து பார்க்காமல் போனிலேயே ரேட் சொல்பவர் இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். ஏற்றிய பிறகு கூடுதல் கூலி கேட்டுச் சண்டை வருவது இங்கேதான்.

அடுக்குமாடி என்றால் அசோசியேஷனில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றி இறக்க விடாத இடங்கள் நிறைய. சாயங்காலம் ஆனால் சர்வீஸ் லிஃப்டைத் தர மாட்டார்கள். ஏசி மெக்கானிக் முந்தின நாளே வந்து கழற்றிவிட வேண்டும், ஃப்ரிட்ஜை முந்தின இரவே அணைத்து ஐஸ் வடியவிட வேண்டும். காலையில் நாங்கள் வந்து நிற்கும்போது ஏசி சுவரிலேயே இருந்தால் அன்றைய நாள் பாதி போச்சு.

கோவையிலிருந்து பெங்களூரு போனவர்:

ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் ஏற்றும் தேதியைவிட இறங்கும் தேதியைக் கெட்டியாகப் பிடியுங்கள். எங்களுக்குக் கிடைத்தது மற்ற வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றுகிற பார்ட் லோடு. தனி வண்டியைவிட நிறைய மலிவு. ஆனால் வண்டி நிறையும்வரை சாமான் அவர்கள் கிடங்கிலேயே கிடந்தது. மறுநாள் வந்துவிடும் என்றவர்கள் அப்புறம் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தையோடு வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். என் மனைவி அந்த வாரம் பட்ட சிரமத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பார்ட் லோடு என்றால் எந்தத் தேதிக்குள் இறக்க வேண்டும், தாமதமானால் எவ்வளவு கழிப்பார்கள் என்று பில்லிலேயே எழுத வையுங்கள். அடுப்பு, இரண்டு பாத்திரம், குழந்தையின் சாமான், சான்றிதழ்கள் ஆகியவை உங்களோடு வரட்டும்.

இன்னொன்று. பெங்களூரில் ஆஷாட மாதத்தில் வீடு மாற மாட்டார்கள். அது சந்திர மாதம். நம் ஆடிக்கு முன்னாலேயே தொடங்கி, ஆடி முடிவதற்கு முன்பே முடிந்துவிடும். 2025இல் ஜூன் 26 தொடங்கி ஜூலை 24 வரை. அதனால் தமிழ்நாட்டில் நம்மவர்கள் ஆனி கடைசியில் அலைமோதும்போது பெங்களூரு வண்டிகளுக்கு வேலை குறைவு. பெங்களூரு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், திரும்பி வருகிற காலி வண்டி கிடைக்கலாம்.

வேளச்சேரியிலிருந்து:

பஞ்சாங்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் குடிபோக நல்ல மாதங்கள். சென்னைக்கு அதுதான் மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் தரைத்தளத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். இரண்டுமே கார்த்திகை. அந்த மாதங்களில் நாள் குறிப்பவர்கள் தார்ப்பாய் போட்ட திறந்த வண்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள், மூடிய கன்டெய்னர் வண்டியே கேளுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ் போகாமல் தேதியை மாற்றித் தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மொன்றியலிலிருந்து ஓர் அக்கா:

உங்களுக்கு ஆடி போல எங்களுக்கு யூலை 1. கனடாவில் எங்கள் கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் யூன் 30இல் முடியும். அடுத்த நாள் நகரமே வீடு மாறும். முன்பு இது மே 1ஆக இருந்ததாம். பள்ளிக்கூடம் முடிய முதல் பிள்ளைகள் இடம் மாற வேண்டி வந்ததால் எழுபதுகளில் யூலைக்குத் தள்ளினார்கள். கோட்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் எங்கட சனம் நிறைய. அங்கே யூலை 1 காலையில் ஒழுங்கை முழுக்க லொறியும் சோபாவும்தான். வெளிப்பக்கமாக வளைந்து ஏறுகிற இரும்புப் படியால் குளிர்சாதனப் பெட்டியை இறக்குவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

இங்கே ஒரு வருட ஒப்பந்தம் என்றால் வாடகை கூட்டுகிற கடிதத்தை வீட்டுக்காரர் மூன்று முதல் ஆறு மாதம் முன்பே தர வேண்டும். நாங்கள் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஏப்ரல் முடிய முதல் இருக்கிறோமா போகிறோமா என்பது தெரிந்துவிடும். தெரிந்த அன்றே லொறிக்குச் சொல்லிவிடுவோம். யூன் வரை பார்த்திருந்த அயலவர்கள் இரண்டு மடங்கு கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். யூலை 1 ஆனியில் வருவது அம்மாவுக்கு மட்டும் பெரிய ஆறுதல்.

பெரம்பூரிலிருந்து:

தை பிறந்ததும் அண்ணா நகருக்கு மாறப்போகிறோம். சூப்பர்வைசர் அண்ணா, எப்போது சொன்னால் சரியாக இருக்கும்?

அம்பத்தூரிலிருந்து, லோடு சூப்பர்வைசர்:

மார்கழி முதல் வாரத்திலேயே சொல்லுங்கள் தம்பி. மார்கழி முழுக்க யாரும் மாறாததால் தையில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். பொங்கலுக்கு டிரைவர்களும் லோடுமேன்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், காணும் பொங்கல் கழிந்துதான் ஆள் சேரும். அதனால் தை பத்துக்கு மேல் ஒரு வார நாளாகப் பாருங்கள். பால் காய்ச்சுவதைத் தை முதல் முகூர்த்தத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.