இம்ப்ரெக்னேஷன்: செறிவூட்டலா, பிசினூட்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

கண்ணாடியிழை சேர்த்த நெகிழிகளுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், இம்ப்ரெக்னேஷன் (இழைக் கற்றைக்குள் நெகிழியைப் புகுத்துவது) என்பதற்குச் ‘செறிவூட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள், ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி கிடைக்கிறது. இரண்டிலும் ஒன்றின் பங்கை உயர்த்துவதே செயல். கண்ணாடியிழைக் கற்றைக்குள் நடப்பதோ வேறு. முறுக்கேற்றாத இழைக்கற்றையான ரோவிங் ஒன்றில் ஆயிரக்கணக்கான தனியிழைகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். அவற்றின் இடுக்குகளில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, உருகிய நெகிழி அந்த இடத்தைப் பிடித்து ஒவ்வோர் இழையையும் தனித்தனியே சூழ வேண்டும். இதில் எதன் செறிவும் பேச்சில்லை.

‘தோய்த்தல்’, ‘ஊறவைத்தல்’ என்ற மற்ற இரு பரிந்துரைகளும் இறுகும் பிசின்களுக்கு, அதாவது ஒருமுறை கெட்டியானால் மீண்டும் உருகாதவற்றுக்கு, ஓரளவு பொருந்தும். எபாக்சி போன்ற பிசின் அச்சுக்குள் வரும்போது அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் சில நூறு மடங்குதான் இருக்கும். அதனால் சிறிய அழுத்தத்திலேயே இழைகளுக்கிடையே ஊறிவிடுகிறது. சூட்டில் இளகும் நெகிழிகளான பாலிப்ரொப்பிலீனுக்கோ நைலானுக்கோ, உருகிய நிலையிலும், அந்த மடங்கு லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். அது தானாக ஊறாது. அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்த வேண்டும். ‘ஊறு’ தன்வினை, ‘ஊட்டு’ பிறவினை என்ற வேறுபாடு இங்கே அப்படியே பயன்படுகிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘பிசினூட்டல்’. சாயமூட்டல் என்று நாம் சொல்வதன் வழியில் அமைந்தது இது. நூலுக்குச் சாயத்தைப் பூசுவதில்லை, ஊட்டுகிறோம். பூசினால் மேலே நிற்கும், ஊட்டினால் உள்ளே இறங்கும். உருகிய நைலானைப் பிசின் எனலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வார்ப்புப் பட்டறைகளில் நைலான் குருணையையும் (வார்ப்புக்கான சிறு மணிகள்) ரெசின் என்றே அழைக்கிறார்கள் என்பதால், தமிழிலும் அந்த நெகிழ்வை அனுமதிப்பதில் தவறில்லை. ‘இழையூட்டல்’ என்ற சொல்லும் என் மனத்தில் வந்தது. ஆனால் அது இழைக்கு ஊட்டுவதா, இயந்திரத்துக்குள் இழையை ஊட்டுவதா என்ற மயக்கத்தைத் தரும் என்பதால் கைவிட்டேன்.

பூசுதலும் ஊட்டுதலும் வேறு என்பது வெறும் சொல்நயம் அன்று. நீண்ட இழைகள் அடங்கிய நீளிழைக் குருணை தயாரிப்பில் இவை இரண்டும் வெவ்வேறு வழிமுறைகள். முதல் வழியில் ரோவிங்கை உருகிய நெகிழி நிரம்பிய ஓர் அச்சுக்குள் இழுத்து, அங்குள்ள தண்டுகளின் மேல் மடக்கி விரித்து, பிசின் உள்ளே இறங்கிய பின் குளிரவைத்து, 10 அல்லது 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுகிறார்கள். இரண்டாம் வழியில், மின்கம்பிக்கு உறையிடுவதைப் போல, கற்றையைச் சுற்றி நெகிழி உறையை மட்டும் ஏற்றி வெட்டுகிறார்கள். இழைகள் பிரிந்து நனைவது பின்னர் வார்ப்பு இயந்திரத்தின் திருகுக்குள்தான். முன்னது பிசினூட்டிய குருணை, பின்னது உறையிட்ட குருணை. ‘செறிவூட்டிய குருணை’ என்று எழுதினால் படிப்பவருக்கு எது என்று விளங்குமா?

குருணையின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தாலே வேறுபாடு தெரியும். சரியாகப் பிசினூட்டியதில் ஒவ்வோர் இழையும் நெகிழிக்கு நடுவே தனிப் புள்ளியாகத் தெரியும். அரைகுறையாக ஊட்டியதில் நடுப்பகுதி காய்ந்து, தூரிகை நுனிபோல் பிரிந்து நிற்கும். நுனியில் மை வைத்தால் அந்தக் காய்ந்த நடுப்பகுதி வழியாக மை மேலேறும். இத்தகைய குருணையிலிருந்து உதிரும் இழைத்தூசு, இயந்திரத்தின் தீனித்தொட்டியான ஹாப்பருக்கு ஏற்றும் குழாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. கோவையின் பம்பு இம்பெல்லர்களில் பழக்கமான கண்ணாடியிழை கலந்த நோரில் என்ற நெகிழி போன்றவை பெரும்பாலும் குற்றிழை (குறுகிய இழை) வகை; இழையையும் நெகிழியையும் கலக்கும் எக்ஸ்ட்ரூடரிலேயே இழைகள் நொறுங்கி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

பிசின் உட்புக ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தொலைவைப் பாதியாக்கினால் நேரம் கால்பங்காகும். கற்றையை விரிப்பது, நெகிழியைத் தூளாக்கி இழைகளுக்கிடையே தூவுவது, நெகிழி இழையையும் கண்ணாடியிழையையும் ஒரே நூலாகக் கலப்பது, நெகிழிப் படலத்தையும் துணியையும் மாற்றி மாற்றி அடுக்கி அழுத்துவது ஆகிய எல்லாமே அந்தத் தொலைவைக் குறைக்கும் உத்திகள். இவற்றைத் ‘தூள்வழிப் பிசினூட்டல்’, ‘படலவழிப் பிசினூட்டல்’ என்று எளிதாகப் பெயரிடலாம்.

ப்ரீப்ரெக் (முன்கூட்டியே பிசின் ஏற்றிய இழைத்தகடு அல்லது நாடா) என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘முன்செறிவூட்டி’யில் ‘முன்’ தேவையில்லை. ‘பிசினூட்டிய’ என்ற பெயரெச்சமே செயல் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. பிசினூட்டிய நாடா, பிசினூட்டிய தகடு என்பன போதும். இளகும் வகைத் தகட்டை, இறுகும் வகையைப் போல, உறைபெட்டியில் காக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பு அடுப்பில் சூடாக்கி அச்சில் அழுத்தினால் பாகம் உருவாகிவிடும், மீண்டும் உருக்கிப் பற்றவைக்கவும் முடியும். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை முன்விளிம்பில், கண்ணாடியிழையும் பாலிஃபீனைலீன் சல்ஃபைடு என்ற இளகும் நெகிழியும் சேர்ந்த பாகங்களை அவ்வாறுதான் பற்றவைத்தார்கள்.

இழைக்கு ‘நார்’ என்ற இலங்கை வழக்கை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. வாழைநார், சணல் சேர்ந்த கலப்புப் பொருள்களையும் பேச வேண்டிவரும்போது ‘இழை’, ‘நார்’ என்ற பிரிவு உதவும் என்பது மட்டுமே என் விருப்பத்துக்குக் காரணம். ஆனால் சைசிங் என்பதை ‘அளவாக்கம்’ என்று பட்டியலில் சேர்த்திருப்பதை நீக்கிவிட வேண்டுகிறேன். ஈரோட்டுப் பக்கம் நெசவாளர் யாரைக் கேட்டாலும் அது பாவுக்குக் கஞ்சி போடுவது என்பார்கள். கண்ணாடியிழைக்கும் அதே வேலைதான், இழை பிரியாமல் காப்பது. கூடுதலாக, அதிலுள்ள சிலேன் சேர்மம் கண்ணாடியையும் நெகிழியையும் பிணைக்கிறது. நெசவுக் கஞ்சியைப் பின்னர் அலசி நீக்குவார்கள், இது பாகத்திலேயே தங்கும் என்றாலும், ‘இழைக்கஞ்சி’ பொருந்தும்.

எனக்கு விடை கிடைக்காதது கன்சாலிடேஷன். பிசினூட்டிய அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து, வெற்றிடமின்றி ஒரே தகடாக்கும் நிலை அது. ‘இறுக்கம்’ என்றால் இறுகும் நெகிழியோடு குழம்பும். ‘திண்மமாக்கல்’ வெறும் உறைதலைத்தான் குறிக்கும். ‘அடுக்கிணைவு’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன், ஆனால் ஒற்றை நாடாவுக்குள் நடப்பதையும் அது குறிக்குமா என்பதில் ஐயம் உண்டு. பட்டறை அனுபவம் உள்ளவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.