புதுப்பிப்பு: கல் மாதிரி இருந்த பிரேக் பெடல், காரணம் கிடைத்துவிட்டது

என் பழைய டீசல் ஹேட்ச்பேக்கில் பெடல் கல்லாக இறுகி, ஏறி மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் நிற்கிறது என்று போன முறை எழுதியிருந்தேன். வண்டி சூடானால்தான் இந்தத் தொல்லை.

பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டராக இருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். அது போனால் பெடல் பொதுவாக இறங்கும், இறுகாது. அதனால் பூஸ்டர் பக்கம் பார்த்தேன்; வெற்றிடத்தைக் கொண்டு நம் மிதிக்கு வலு கூட்டும் பாகம் அது. இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் இறங்கியது. சூடான பிறகு அசையவே இல்லை. இந்தச் சோதனையைக் காலையில் மட்டும் செய்திருந்தால் எல்லாம் சரி என்று விட்டிருப்போம்.

டீசலில் அந்த வெற்றிடத்தை உண்டாக்கத் தனி பம்ப் உண்டு. மெக்கானிக் அண்ணன் வெற்றிடத்தை அளக்கும் கேஜ் மாட்டினார்: பம்ப் வாயில் 0.85 பார், பூஸ்டர் முனையில் 0.3 மட்டுமே. ஆக, கோளாறு நடுவில். பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாய் வளையும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், ரப்பர் வெடித்திருந்தது. சூட்டில் விரிசல் வாய் பிளந்துகொள்ளும். டீசல் சத்தத்தில் காற்று இழுக்கும் ஓசை கேட்குமா என்ன!

பூஸ்டரையே மாற்றச் சொன்ன இன்னொரு பட்டறையின் மதிப்பீடு இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது. குழாயும் கிளிப்பும் மட்டும் மாற்றினோம், பூஸ்டரில் வெற்றிடத்தைப் பிடித்து வைக்கும் ஒருவழி வால்வு நன்றாகவே இருந்தது. இப்போது சூட்டிலும் பெடல் இதமாக இறங்குகிறது. பெடல் இறுகியிருக்கும்போது தயவுசெய்து யாரும் வண்டியை ஓட்டிச் சோதிக்காதீர்கள்.