"அம்மாச்சி வீடு" குழு: சுங்குடியில் ஒரு கவுன்

பாப்பு: அம்மாச்சியின் அரக்குச் சுங்குடிச் சேலை பீரோவில் சும்மாதானே கிடக்கிறது? காலேஜ் ஃபேர்வெலுக்கு அதில் தரை வரைக்கும் கவுன் தைத்துக்கொள்ளவா? அம்ப்ரெல்லா கட். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பெரியம்மா: எங்கம்மா சேலையில் கத்தரி வைக்கப் போகிறாயா?

பாப்பு: யாரும் கட்டுவதில்லையே பெரியம்மா.

பெரியம்மா: நான் கட்டுவேன்.

நான்: போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னீர்கள் 🙂

அம்மா: நான் எதுவும் சொல்லவில்லை.

சித்தி: கிரைண்டர் ஓடுகிறது. மாவை வழித்துவிட்டு வருகிறேன். அதுவரை யாரும் எதையும் வெட்டாதீர்கள்.

அண்ணி: சித்தி வரும்போது எனக்கும் ஒன்று சொல்லுங்கள். ஏ-லைன், அனார்கலி, அம்ப்ரெல்லா எல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. டெய்லர் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

சித்தி: வந்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் குழப்பும். துணியைத் தரையில் விரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஏ-லைனில் இரண்டு ஓரத்தையும் சாய்த்து வெட்டுவோம், அவ்வளவுதான். கீழே லேசாக விரியும், சுருக்கம் இருக்காது. அனார்கலிக்கு மேலே குறுகிக் கீழே அகன்ற பட்டைகளாக வெட்டி, எட்டோ பன்னிரண்டோ ஒட்டுத் தைக்க வேண்டும். கலி என்பார்கள், நம் டெய்லர் பேனல் என்பார். அம்ப்ரெல்லா உளுந்து வடைதான். முழு வட்டம், நடு ஓட்டை இடுப்பு.

அண்ணி: 😂 இனி மறக்காது.

அப்பா: சேலை ஐந்தரை மீட்டர் இருக்குமே. வடைக்குப் போதாதா?

சித்தி: துணி போதும் மாமா. இடுப்பு 28 இன்ச். அதை இரண்டு π, அதாவது 6.28ஆல் வகுத்தால் ஓட்டையின் ஆரம் நாலரை. பாவாடை நீளம் 40. மொத்தம் நாற்பத்து நாலரை இன்ச் ஆரம். அரை வட்டம் இரண்டு வெட்டினால் 178 இன்ச், நாலரை மீட்டர் வரும். சேலை அகலமும் 46 இருக்கிறது. பிரச்சினை பார்டர்.

பாப்பு: பார்டர் கீழே வராதா?

சித்தி: வராது. பார்டர் நேர்கோடு, உன் ஓரம் வளைவு. கீழ் பார்டர் நடுவில் ஒரு கை அகலம் எட்டிப் பார்க்கும், மீதி வெட்டுத் துண்டோடு குப்பைக்குப் போகும். மேல் பார்டர் பக்கத் தையலில் இடுப்பிலிருந்து கால் வரை செங்குத்தாக ஓடும். அப்புறம் சுங்குடிப் புள்ளிகள். முன்னால் வரிசையாக இருக்கும், பக்கத்தில் திரும்பியதும் சாய்ந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருத்தி உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருக்கிறாள், அதைக் கோணலாக்குவானேன்?

பெரியம்மா: அப்படிச் சொல்லு.

சித்தி: இன்னொன்று. வட்டத்தில் துணியின் நூல் சாய்வாக வருகிற இடம் தன் கனத்திலேயே இழுபடும். ஒரு நாள் தொங்கவிட்டு, இறங்கியதைச் சமமாக வெட்டிய பிறகுதான் ஓரம் அடிக்க வேண்டும். நான் தைத்த முதல் அம்ப்ரெல்லாவில் அந்தப் பொறுமை இல்லை. நாலு பக்கமும் நாய்க்காது மாதிரித் தொங்கியது.

பாப்பு: ஆனால் விரிந்த பாவாடைதானே சித்தி அழகு! 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் என்ற டிசைனர் இடுப்பை இறுக்கி, கீழே மீட்டர் கணக்கில் விரித்தார். போர் முடிந்து துணிக்குத் தட்டுப்பாடு இருந்த சமயம், அதற்காகவே திட்டும் வாங்கினார். ஏ-லைன் என்ற பெயரும் 1955இல் அவர் வைத்ததுதான்.

நான்: அதற்கு இரண்டு வருஷம் கழித்து பாலென்சியாகா என்ற இன்னொரு டிசைனர் இடுப்பே இல்லாத கவுன் கொண்டுவந்தார். சாக்கு டிரெஸ் என்றே பெயர். தோளில் தொடங்கி நேராக இறங்கும், எங்கேயும் பிடிக்காது.

பெரியம்மா: அது நைட்டி.

அண்ணி: 😂😂

சித்தி: பாப்பு, விரிவு வேண்டும், பார்டரும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. உன் பட்டுப் பாவாடை எப்படித் தைத்தோம்? துணியை நேராகவே விட்டு இடுப்பில் கொசுவினோம். மூன்றரை மீட்டர் எடுக்கிறேன். கொசுவம் அடர்த்தியாக வரும், பார்டர் தரையோடு சுற்றி வரும், புள்ளி ஒன்றும் சாயாது. மேல் உடம்புக்குப் புள்ளியில்லாத அரக்குக் காட்டன் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் முன்னாடியே ஊறவைத்துக் காயவை, தைத்த பிறகு சுருங்கினால் என்னைக் கேட்காதே.

பாப்பு: அம்ப்ரெல்லா மாதிரி சுற்றினால் எழும்புமா?

சித்தி: அவ்வளவு எழும்பாது. நீ அன்றைக்கு எத்தனை தடவை சுற்றப் போகிறாய்?

பாப்பு: 🙈 சரி சித்தி.

பெரியம்மா: மிச்சம் எவ்வளவு வரும்?

சித்தி: முந்தானையோடு இரண்டு மீட்டர், அக்கா.

பெரியம்மா: அதில் எனக்கு ஒரு நைட்டி தை. அந்தச் சாக்கு மாதிரி.

சித்தி: நைட்டிக்கு மூன்று மீட்டர் வேண்டுமே.

பெரியம்மா: அப்படியானால் அவள் கொசுவத்தைக் குறை.