பெடல் மிதிக்காமல் ஏற்காடு ஏறிய 250 வாட் மோட்டார்: நம்பலாமா?

பழைய பட்டறை:
வீட்டிலேயே மின்சார சைக்கிள் செய்ய எந்த மோட்டாரை, எந்த பேட்டரியை வாங்குவது என்று கேட்ட ஒரு கல்லூரி மாணவருக்கு, அஸ்தம்பட்டி சக்கரம் என்ற நண்பர் நேற்று இப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்: "48 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டாரும் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்), பழைய லேப்டாப் செல்களில் கட்டிய 10 ஆம்பியர்-மணி பேட்டரியும் தாராளமாகப் போதும், நான் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஒரு முறைகூடப் பெடல் மிதிக்காமல் ஏறினேன்." இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, ஏனெனில் அந்த மாணவர் இதை நம்பித்தான் பணம் கட்டப்போகிறார். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 110 கிலோ என்று வையுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 300 வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு வாட்-மணி) வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்துக்கு டயரின் உராய்வு இன்னொரு 60 வாட்-மணியைத் தின்னும். மெதுவாகச் சுழலும் ஹப் மோட்டார், கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபதைச் சக்கரத்துக்குத் தந்தால் அதுவே பெரிது. ஆக பேட்டரியிலிருந்து 514 வாட்-மணி போக வேண்டும். அவருடைய பேட்டரியில் முழுதாக இருப்பதோ 48 வோல்ட்டை 10 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும் 480. பெடல் மிதிக்காமல் ஏறினேன் என்பது நடக்காத காரியம்.

அஸ்தம்பட்டி சக்கரம்:
ஐயா, என்னைக் கேட்காமலே என் எடையை முடிவு செய்துவிட்டீர்கள். நான் 58 கிலோ, என் சைக்கிள் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 27 கிலோ, மொத்தம் 85. உங்கள் கணக்கையே இந்த எடைக்குப் போட்டுப் பாருங்கள், 400 வாட்-மணிக்குள் முடிந்துவிடும். மேலே போய்ச் சேர்ந்தபோது என் பேட்டரியில் மிச்சம் இருந்தது. ஏரிக்கரையில் நின்று வோல்ட்மீட்டரைப் பார்த்தேன், 44 வோல்ட் காட்டியது. நான் பெடல் மிதிக்கவில்லை, மிதிக்கவில்லை, மிதிக்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட மிதிக்கவில்லை.

பழைய பட்டறை:
மூன்று முறை எழுதினால் உண்மையாகிவிடாது. ஆற்றல் போதும் என்றே வைத்துக்கொண்டாலும் சூடு என்ற ஒன்று இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறினால் 80 நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் மோட்டாருக்குள் வீணாகும் மின்சாரம் சூடாகத் தங்குகிறது. ஹப் மோட்டார் மூடிய டப்பா, அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. சென்ற மாதம் என் பட்டறைக்கு இதே வகை மோட்டார் ஒன்று வந்தது. மூடியைக் கழற்றியவுடனே கருகிய வார்னிஷ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த மூன்று நைலான் பல்சக்கரங்களில் ஒன்றின் பற்கள் ஒரு பக்கமாக வழிந்து, விரலால் தொட்டால் வெண்ணெய்யைத் தடவியதுபோல வழவழப்பாக இருந்தது. அச்சு வழியாக வெளியே வரும் மூன்று கம்பிகளின் மேலுறை பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர் மலையேறியவர்தான். அவரும் பெடல் மிதிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

விதிநூல்:
நீங்கள் இருவரும் 250 வாட், 250 வாட் என்கிறீர்களே, எந்த 250 என்று ஒருவரும் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டாரின் "முப்பது நிமிடத் திறன்" (அரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அதைச் சோதனை அமைப்பு சரிபார்த்து அங்கீகரித்தால்தான் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது என்கின்றன. முப்பது நிமிடத் திறன் வேறு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இழுக்கும் உச்ச மின்சாரம் வேறு. 48 வோல்ட்டில் 15 ஆம்பியர் கன்ட்ரோலர் வைத்தால் உள்ளே போவது 720 வாட். இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நீங்கள் சண்டை போடுவதில் பயனில்லை.

அஸ்தம்பட்டி சக்கரம்:
மோட்டாரின் மேல் 250 என்று பொறித்திருக்கிறது, அதைத்தான் நான் சொன்னேன். மலை ஏறியதா இல்லையா என்பதுதான் கேள்வி, ஏறியது.

பழைய பட்டறை:
விதிநூல் அவர்களே, சட்டம் பேச இப்போது நேரமில்லை. பெடல் மிதித்தாரா இல்லையா என்பதை முதலில் முடிப்போம்.

எல்எஃப்பி அன்பர்:
மோட்டாரை விடுங்கள், அந்த பேட்டரியைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? பழைய லேப்டாப் செல்லில் வண்டி ஓட்டச் சொல்லி ஒரு மாணவருக்கு அறிவுரை கொடுப்பது பெரிய தவறு. மடிக்கணினியில் அந்தச் செல் ஓர் ஆம்பியர் அளவில் மெதுவாகக் கொடுத்துப் பழகியது. ஒன்றன்பின் ஒன்றாக 13 வரிசை, ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பக்கமாக இணைத்த 5 செல் என்று கட்டினால், 15 ஆம்பியர் இழுக்கும்போது ஒவ்வொரு செல்லும் 3 ஆம்பியர் கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒன்று சோர்ந்தாலும் மற்ற நான்கின் மேல் பாரம் ஏறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) செல்களை 16 வரிசையாகக் கட்டினால் 51.2 வோல்ட் கிடைக்கும், சூட்டைத் தாங்கும், ஆயுளும் கூடுதல். செல் எடை 3 கிலோவுக்குப் பதில் நாலரை கிலோ ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அஸ்தம்பட்டி சக்கரம்:
65 செல்களையும் ஒவ்வொன்றாக முழுதாக ஏற்றி, இறக்கி அளந்து, 2 ஆம்பியர்-மணிக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிய பிறகுதான் நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்தேன். அதற்கு எனக்கு ஐந்து வாரம் ஆனது. இந்த உழைப்பைப் பார்க்காமல் தவறு என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது. உங்கள் பாஸ்பேட் பேட்டரிக்கு 58.4 வோல்ட் சார்ஜர், என்னுடையதற்கு 54.6. வீட்டில் இரண்டும் இருந்து யாராவது மாற்றிச் செருகிவிட்டால், என் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டி 4.49 வரை போகப் பார்க்கும், அப்போது செல்களைக் கண்காணித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். சுற்று ஒன்றுதான் காவல். அதனால் ஒரே வகையை வைத்துக்கொள்வதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பழைய பட்டறை:
அளந்து பார்த்தேன் என்று இவர் சொல்வது புதிதல்ல. சென்ற ஆண்டு ஈய-அமில பேட்டரியைப் பற்றிப் பேசியபோது, 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பெட்டிகள் நான்கு வைத்தால் 48 வோல்ட்டில் 12 ஆம்பியர்-மணி முழுதாகக் கிடைக்கும் என்று இதே நண்பர்தான் அடித்துச் சொன்னார். அப்போதும் நான்தான், 15 ஆம்பியர் இழுத்தால் அதில் கணிசமான பங்கு கிடைக்காது, பெட்டிகளே 16 கிலோ கனக்கும் என்று எச்சரித்தேன். இரண்டே மாதத்தில் அந்த பேட்டரியைக் கழற்றினார், ஆனால் நான் சொன்னது சரி என்று இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை.

அஸ்தம்பட்டி சக்கரம்:
அதை நான் கழற்றியது எடைக்காக. நீங்கள் சொன்னதற்காக அல்ல.

எல்எஃப்பி அன்பர்:
எடைக்காக என்றால், நான் சொன்னதுபோல அப்போதே பாஸ்பேட் வாங்கியிருக்கலாமே?

பழைய பட்டறை:
அன்பர் அவர்களே, எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்த மாணவரின் ஊரில் மேடு இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவார் என்று நீங்கள் யாரும் கேட்கவே இல்லை. சமதரையில் தினம் 15 கிலோமீட்டர் என்றால் 250 வாட் ஹப் மோட்டார் நல்ல தேர்வு என்பதை நானே சொல்வேன். மலைக்கு என்றால் பெடல் அச்சில் பொருத்தி, செயின் வழியாகப் பின்சக்கரத்தின் கியர்களைப் பயன்படுத்தும் மோட்டார்தான் சரி. மேட்டில் குறைந்த கியருக்கு, அதாவது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் சக்கரம் மெதுவாகப் போனாலும் மோட்டார் வேகமாகச் சுழலும், அதனால் சூடு குறையும். இதை இருபது ஆண்டுகளாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். பெடல் மிதிக்காமல் அந்த ஹப் மோட்டார் ஏற்காடு ஏறாது.

விதிநூல்:
எந்த எடை, எந்த வேகம், எந்தத் திறன் என்று சொல்லாமல் ஏறும், ஏறாது என்றால் எப்படி?

அஸ்தம்பட்டி சக்கரம்:
வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நிற்பேன். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயினையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். மிதிக்க நினைத்தாலும் மிதிக்க முடியாது. பழைய பட்டறை ஐயா ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வரட்டும்.

பழைய பட்டறை:
வருகிறேன். ஆனால் செயினைக் கழற்றினால் மட்டும் போதாது. புறப்படும் முன் உங்களையும் சைக்கிளையும் தராசில் நிறுத்த வேண்டும், மேலே போனதும் மோட்டாரின் மூடியை என் கண் முன்னால் கழற்ற வேண்டும். அந்த 85 கிலோவையும் நான் இன்னும் நம்பவில்லை.

அஸ்தம்பட்டி சக்கரம்:
மூடியைக் கழற்ற மாட்டேன். அது பேச்சிலேயே இல்லை.