பார் பேண்டில் வாசிப்பதால் பயன் உண்டா, விட்டுவிடலாமா?

ஆறுதந்தி
சென்னையில் ஒரு ஹோட்டல் பாரில் வெள்ளி, சனி இரண்டு நாளும் கித்தார் வாசிக்கிறேன், இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ராத்திரிக்கு மூன்று செட். பழைய ராக், கொஞ்சம் ராஜா, கொஞ்சம் ரஹ்மான், எல்லாம் அடுத்தவர் பாட்டு. சொந்தமாக ஏழு பாட்டு போட்டு வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூட உருப்படியாகப் பதிவு செய்யவில்லை, ஏனென்றால் சனி ராத்திரி வாசித்துவிட்டு வந்தால் ஞாயிறு முழுக்கத் தூக்கத்திலேயே போய்விடுகிறது. மற்ற நாட்களில் வேலை. விடலாமா?

லோ ஈ
விட்டுவிடு தம்பி. நான் பெங்களூரு பப்களில் ஆறு வருடம் பேஸ் கித்தார் வாசித்தவன். முதல் வருடம் நிறையக் கற்றேன், அதை மறுக்க மாட்டேன். அதற்கு அப்புறம் அதே நாற்பத்தைந்து பாட்டு, அதே வரிசை, சம்பளமும் அப்படியே நின்றுவிட்டது. 2018 ஜனவரியில், நேரடி இசை நடத்த உரிமம் வேண்டும் என்கிற 2005ஆம் ஆண்டு உத்தரவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் பல பப்கள் பேண்டுகளை நிறுத்திவிட்டன. எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இல்லாமல் போனது. அன்றிலிருந்து ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, "நீங்கள் இப்போது எங்கே வாசிக்கிறீர்கள்" என்று கேட்கவில்லை. ஆறு வருடம் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கடைக்கு வந்தவர்கள், எங்களுக்காக யாரும் வரவில்லை.

இன்னொன்று. ஒரு இடத்தில் பாட்டு வாசித்தால் அதற்கான உரிமைத்தொகை ஐபிஆர்எஸ் என்கிற உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம் வழியாகப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வெளியீட்டாளருக்கும் போகிறது. வாசிக்கிறவனுக்கு அந்த ராத்திரிச் சம்பளம் மட்டும்தான். உன் ஏழு பாட்டும் டப்பாவில் கிடக்கிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

திருச்சி கீபோர்ட்
லோ ஈ சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நான் இருபது வருடமாக மெல்லிசைக் குழுவில் இருக்கிறேன், கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு எல்லாம். பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மேடை ஏறினபிறகு "அண்ணே சுருதியை அரைக்கட்டை இறக்குங்க" என்பார். இரண்டாவது சரணத்தைத் தவறவிட்டு நேராகப் பல்லவிக்கு வந்து நிற்பார், நாமும் அங்கே போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் வீட்டில் மெட்ரோனோம் என்கிற தாளக் கருவியைப் போட்டுக்கொண்டு எப்படிக் கற்பது? இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடை ஏறியவர், அப்புறம் எஸ்.பி.பி.யின் குழுவிலும் வாசித்தார்.

பாருக்கே வருவோம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இந்திரா என்கிற கிளப்பில் தொடங்கி 48 ராத்திரி வாசித்தார்கள். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனிக்கிழமை ஆறு மணி நேரம். பாட்டுப் பட்டியல் தீர்ந்துபோய், இருக்கிற பாட்டையே இழுத்து இழுத்து வாசித்தார்கள். கவனிக்காமல் குடித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கத் தெரிந்தவனுக்கு வேறு எந்த மேடையும் பயமாக இருக்காது தம்பி.

லோ ஈ
ஐயா, அதே ஹாம்பர்க்கை முழுதாகச் சொல்லுங்கள். 1962 டிசம்பரோடு அவர்கள் அங்கே கிளப்களில் வாசிப்பதை முடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, அந்த அக்டோபரில் வந்த முதல் இசைத்தட்டில் இரண்டு பக்கமும் அவர்கள் எழுதிய பாட்டுகள். ராஜா மேடையோடு நின்றாரா? தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், அப்புறம் 1976இல் முதல் படம். மேடை அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை வருடம் என்று கேட்கிறேன். தம்பிக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

திருச்சி கீபோர்ட்
இரண்டு வருடத்தில் கை பழகும், காது பழகாது. எனக்கு ஐந்து வருடம் ஆனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் குழுவில் சொந்த மெட்டு வைத்திருந்தவர்கள் மூன்று பேர், ஒருவரும் பதிவு செய்யவில்லை. அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. அந்த மெட்டு ஒன்று எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மானிட்டர்
நான் சவுண்ட் இன்ஜினியர். காது பழகும் என்றீர்கள், அந்தக் காதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்கிற அரசு அமைப்பின் பரிந்துரைப்படி ஒரு நாளில் 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், ஆக 100 டெசிபலில் 15 நிமிடம்தான். தாழ்வான கூரை உள்ள பாரில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த அளவு சுலபமாக வந்துவிடும். தம்பி, வாசித்து முடித்த ராத்திரி காதில் ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கு, டிரம்ஸில் இருக்கிற சிம்பல் தட்டை விட்டுத் தள்ளி நில். தொடர்வதா விடுவதா என்பதை அதற்கு அப்புறம் யோசி.

ஆறுதந்தி
ரீங்காரம் கேட்கிறது சார், ஞாயிறு மதியம் வரைக்கும் இருக்கும். தூக்கம் போதாததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே காது டாக்டரைப் பார்க்கிறேன்.

கீபோர்ட் அண்ணன் அந்த மெட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபிறகு வேறு எதுவும் ஓடவில்லை. சனிக்கிழமையை விட்டுவிடுகிறேன், வெள்ளி மட்டும் வாசிக்கிறேன். சனி பகலில் நண்பன் வீட்டில் முதல் இரண்டு பாட்டைப் பதிவு செய்கிறோம். வெள்ளி மூன்றாவது செட்டில் கூட்டம் குறையும்போது அதில் ஒன்றை வாசித்துப் பார்க்கவும் ஆசை. பாடகரிடம் இன்னும் பேசவில்லை.

லோ ஈ
பேசுவதற்கு முன் சனிக்கிழமைக்கு ஒரு கித்தார் ஆளைப் பிடித்துவிடு. நான் விட்டபோது அதைச் செய்யவில்லை, எங்கள் டிரம்மர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

திருச்சி கீபோர்ட்
பதிவு ஆனதும் இங்கேயே போடு தம்பி. எந்த ஸ்கேல் என்றும் எழுது, நான் கூடவே வாசித்துப் பார்க்கிறேன்.